ரேடாரும் ஐயக்கிளவியும்: ஒரு பசிபிக் போர் ஆட்டத்தைப் பற்றிய ஆய்வு

தொலைவில் ஓர் உருவம் தோன்றுகின்றது. அது மரக்குற்றியோ மனிதனோ என்று துணிய இயலவில்லை. அந்நிலையில் அதனை எச்சொல்லாற் சுட்டுதல் முறை? இவ்வினாவிற்குத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விடை கூறுகின்றார். உயர்திணையோ அஃறிணையோ என்று ஐயம் நிகழ்ந்தவிடத்து, இரண்டிற்கும் பொதுவாய் நின்று வடிவைக் குறிக்கும் 'உருபு' என்னும் சொல்லால் வழங்கலாம் என்பது அவர் கருத்து. மக்களே எனத் தெளிந்து, பால் இன்னதெனத் தெளியாவிடத்துப் பன்மையாற் கூறுக என்பதும் அவர் விதித்ததே. காணாத பொருளைப் பற்றிப் பேசுதற்கு மொழியில் வழி உண்டு. கண்டு தெளிந்த பொருளைப் பற்றிப் பேசுதற்கும் வழி உண்டு. கண்டும் தெளியாத பொருளுக்கெனத் தனியே ஓரிடம் வகுத்தது இவ்விதிகளின் சிறப்பாகும்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலிற் போரிட்ட அமெரிக்கக் கடற்படையினரும் இத்தகைய சொற்களைத் தமக்கென அமைத்துக்கொண்டனர். ரேடார்த் திரையிலே தோன்றி, இன்னாருடையது என்று தெளியப்படாத கப்பலை 'ஸ்கங்க்' என்றும், அவ்வாறே தெளியப்படாத விமானத்தைப் 'போகீ' என்றும் வழங்கினர். முன்னது தீநாற்றம் வீசும் ஒரு விலங்கின் பெயர். பின்னது பேயைக் குறிப்பது. பெயர்களில் நகைச்சுவை இருப்பினும் தேவை நகைப்புக்குரியதன்று. திரையிற் கண்ட ஒளிப்புள்ளியை உடனே 'பகைவர்' என்று கூறின், பீரங்கிகள் முழங்கிவிடும். 'நம்மவர்' என்று கூறின், பகைவர் அணுகிவிடுவர். இரண்டும் கூறாது நிற்பதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. இவற்றை ஐயக்கிளவிகள் என்று கொள்வதில் தவறில்லை.

அப்போரைப் பொருளாகக் கொண்ட கணிப்பொறி ஆட்டம் ஒன்றில் இவ்வையக்கிளவிக்கு இடமுண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட ஆட்டம், 2009-இல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' என்பது. 2004-இல் வெளிவந்த 'வார் இன் தி பசிபிக்' என்னும் ஆட்டத்தின் திருத்திய வடிவம் இது. அம்மூல ஆட்டத்தை ஆக்கியவர்களுள் ஒருவரான கேரி கிரிக்ஸ்பி, குவாடல்கனால் போரைப் பற்றி 1982-லேயே ஓர் ஆட்டம் செய்தவர். எனவே இப்பொருளில் நெடுநாள் தோய்ந்தவர் எனலாம்.

ஆட்டத்தைத் திறனாய்வது தமிழ்த்துறையார்க்கு உரிய பணியா என்று ஐயுறுவோர் இருக்கலாம். எனக்கும் அவ்வையம் இருந்தது. முதுகலை மாணவர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில் ஆடத் தொடங்கிய பின்னரே, இதனை ஆடுதல் பெரும்பாலும் படித்தலே என்பதை அறிந்தேன். கடற்பரப்பு முழுவதும் நாற்பது கடல் மைல் அளவுள்ள அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு முறை என்பது வழக்கமாக ஒரு நாள். இரு தரப்பாரும் தத்தம் கட்டளைகளை முன்னரே இட்டு வைப்பர்; பின்னர்க் கணிப்பொறி அவற்றை நிகழ்த்தி, நடந்தவற்றை அறிக்கையாகத் தரும். ஆடுவோன் அவ்வறிக்கையைப் படித்துப் பொருள் கொண்டு, அடுத்த நாளுக்குரிய கட்டளைகளை இடுவான். 1941 டிசம்பர் தொடங்கி 1946 வரை நீளக்கூடிய அவ்வாட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாள்களின் அறிக்கைகளைப் படிக்க வேண்டும். படிக்கப்படுவது எதுவும் திறனாய்வுக்கு உரியதே.

இனி, ரேடார் என்னும் சொல்லை நோக்குவோம். 1940-இல் அமெரிக்கக் கடற்படையார், வானொலியலையால் கண்டறிதலும் தொலைவு அளத்தலும் என்னும் பொருள்படும் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்த சொல் அது. கண்டறிதல், அளத்தல் என்னும் இரு தொழில்களே அப்பெயரில் அடங்கியுள்ளன. தெளிதல் என்னும் தொழில் அதில் இல்லை. கருவியும் அவ்வாறே, 'ஒன்று உளது, இத்திசையில் உளது, இத்துணைத் தொலைவில் உளது' என்பதற்கு மேல் அஃது எதுவும் கூறாது. அருணந்தி சிவாசாரியார் சித்தியாரின் அளவைப் பகுதியில், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் கூடி அறியும் அறிவை விகற்ப அறிவு என்பர். இவையின்றி 'ஒன்று உளது' என அறியும் முதற்காட்சி அதற்கு முற்பட்டது. ரேடார் தருவது அம்முதற்காட்சியே. அடுத்தடுத்த ஒளிப்புள்ளிகளைத் தாளிற் குறித்துக் கணித்தால் வேகமும் செலவின் திசையும், அஃதாவது கன்மம் மட்டும், புலப்படும். ஏனைய நான்கும் மனிதர் கொண்டுகூட்டிக் கொள்ள வேண்டியவை.

அதே நூல் ஐயத்தையும் திரிவையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. ஒரு பொருளை இரண்டாக நினைந்து துணியாது நிற்றல் ஐயம். ஒன்றை மற்றொன்றாகத் துணிந்துவிடுதல் திரிவு. 1941 டிசம்பர் 7 அன்று காலை ஏழு மணியளவில், ஓவாகுத் தீவின் வடமுனையிலிருந்த ஒப்பானா ரேடார் நிலையத்தார் 130 மைலுக்கு அப்பால் பெரியதொரு விமானக் கூட்டத்தைக் கண்டனர். கருவி பழுதின்றி வேலை செய்தது. இயக்கியோரும் காலம் தாழ்த்தாது தெரிவித்தனர். அன்று அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் வரவிருந்தமையின், அவையே இவை என்று அச்செய்தியைப் பெற்றவர் கொண்டார். பெர்ல் துறைமுகத்தின் முதற் பிழை காணாமையன்று, திரிவேயாகும்.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு ஆட்டத்திற்குள் செல்வோம். அதன் சிறப்புகளை முதற்கண் கூறுதல் நேர்மை. ரேடார் இங்கு ஒரு மந்திரப் பொருளாகக் கையாளப்படவில்லை. ஒவ்வொரு கப்பலின் கருவிப் பட்டியலிலும் அதன் ரேடார் வகை பெயருடன் குறிக்கப்பட்டுள்ளது. சி.எக்ஸ்.ஏ.எம்., எஸ்.சி., எஸ்.ஜி. என அமெரிக்க வகைகளும், 21, 22, 13 என எண்ணிட்ட ஜப்பானிய வகைகளும் தத்தம் காலத்தில் வந்து சேர்கின்றன. கப்பலைத் துறைமுகத்திற்கு அனுப்பிச் சில நாள் நிறுத்தினாலன்றிப் புதிய கருவி பொருத்தப்படாது. போர்முனையில் ஒரு குரூசர் இன்றியமையாது வேண்டப்படும் நேரத்தில், அதனை ரேடாருக்காகத் திருப்பியனுப்புவதா வேண்டாவா என்று ஆடுவோன் தயங்குவது, உண்மையான தளபதிகள் தயங்கியதற்கு மிகவும் நெருங்கிய அனுபவமாகும்.

மாலுமிகளின் பயிற்சி பகற்போருக்கும் இரவுப்போருக்கும் தனித்தனி எண்களாகத் தரப்பட்டுள்ளமை மற்றொரு நுட்பம். போர்த் தொடக்கத்தில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களின் இரவுப் பயிற்சி மிக உயர்ந்து நிற்கும். தலைவர்களின் கடற்போர்த் திறனும் துணிவும் எண்களாக உள்ளன. இரவுப்போர் அறிக்கையில் நிலவொளி எத்துணை விழுக்காடு, கட்புலன் எத்துணைக் கெஜம் எட்டும் என்பவை முதலிற் கூறப்பட்டு, பின்னர் யார் யாரை எத்தொலைவில் கண்டனர் என்பது கூறப்படும். நேசநாட்டாரின் ரேடார் கண்டதாகவும் வரும். ஜப்பானியக் காவலர் வெறுங்கண்ணால் முந்திக் கண்டதாகவும் வரும். கருவி இருந்தும் காணத் தவறுதல் இவ்வாட்டத்தில் அரிதன்று. 1942 ஆகஸ்டு 9 அதிகாலையில் சாவோத் தீவருகே, ரேடார் பொருத்திய இரு நாசகாரிகள் காவல் புரிந்துகொண்டிருக்க, அவற்றின் இடையே மிகாவாவின் குரூசர்கள் நுழைந்து நான்கு நேசநாட்டுக் குரூசர்களை மூழ்கடித்தன. இத்தகைய தோல்வியை ஆட்டம் மிக இயல்பாக நிகழ்த்திக் காட்டும். ரேடார் வாங்கியவுடன் வெற்றி என்னும் எளிய பாடத்தை அது புகட்டவில்லை.

ஆயினும், காணாமை வேறு, ஐயம் வேறு. ஆட்டம் அறிந்தவை காண்டலும் காணாமையுமே. ரேடார் பகைவரைக் கண்டது என்று அறிக்கை கூறிய மறுகணம், பகைக் கப்பல்கள் பெயரோடும் வகையோடும் திரையில் அணிவகுத்து நிற்கின்றன. ஒளிப்புள்ளி கப்பலாவதற்கு இடையில் நிகழ வேண்டிய அனைத்தும் ஒரு கணக்கீட்டில் ஒடுங்கிவிடுகின்றன. எக்கப்பல் கண்டது என்பதும் கூறப்படுவதில்லை. ஒரு தரப்பின் ரேடார் கண்டது என்றே கூறப்படும். நூறு கண்களும் ஒரே தலையில் இருப்பன போல அணி முழுவதும் ஓர் அறிவாகிவிடுகின்றது.

உண்மையில் நிகழ்ந்தது எத்தன்மையது என்பதை எஸ்பெரன்ஸ் முனைப் போரைக் கொண்டு விரிவாகக் காணலாம். 1942 அக்டோபர் 11 இரவு, நார்மன் ஸ்காட் என்னும் ரியர் அட்மிரல் நான்கு குரூசர்களையும் ஐந்து நாசகாரிகளையும் ஒரே வரிசையில் நடத்திச் சென்றார். அவற்றுள் ஹெலினா, பாய்ஸி ஆகிய இரண்டில் புதிய எஸ்.ஜி. ரேடார் இருந்தது. பத்துச் சென்டிமீட்டர் அலையால் இயங்கிய அக்கருவி, கடற்பரப்பை ஒரு வரைபடம் போலச் சுழலும் ஒளிக்கோட்டால் காட்ட வல்லது. ஸ்காட் ஊர்ந்த சான் பிரான்சிஸ்கோவிலோ, தீவுகளின் எதிரொலியிற் குழம்பும் பழைய எஸ்.சி. வகையே இருந்தது. சிறந்த கண் ஒரு கப்பலிலும் கட்டளையிடும் வாய் மற்றொரு கப்பலிலும் இருந்தன என்க.

இரவு 11.25 மணியளவில் ஹெலினா ஏறத்தாழ 27,700 கெஜத் தொலைவில் பகைக் கப்பல்களைக் கண்டது. ஆட்டத்தின் கணக்கில் இஃது அரியதொரு வாய்ப்பு. ஆனால் அச்செய்தி ஸ்காட்டை எட்டியபோது ஏறத்தாழப் பதினேழு நிமிடம் கழிந்திருந்தது. அதற்கிடையில் ஸ்காட் தம் வரிசையை எதிர்த்திசையில் திருப்பினார். அத்திருப்பத்தில் முன்சென்ற மூன்று நாசகாரிகள் வரிசையினின்று பிரிந்து, குரூசர்களுக்குப் பக்கமாக முன்னேறிக்கொண்டிருந்தன. இப்போது ஹெலினா கூறும் ஒளிப்புள்ளிகள் யாருடையவை? பகைவருடையவையோ, தம்முடைய நாசகாரிகளோ? இரண்டும் ஒக்கும். குற்றியோ மகனோ என்னும் நிலை இதுவே.

அந்நிலையில் ஹெலினாவின் தலைவர் சுடுவதற்கு இசைவு கேட்டார். கேட்ட குறிமொழி 'ரோஜர்' என்னும் சொல்லை வினாவாக்கியது. அச்சொல்லுக்கு 'உன் செய்தி கிடைத்தது' என்பது ஒரு பொருள். 'சுடுக' என்பது மற்றொரு பொருள். ஸ்காட் முன்னைய பொருளில் 'ரோஜர்' என்றார். ஹெலினா பின்னைய பொருளிற் கொண்டது. 11.46-க்கு, 5,000 கெஜ எல்லைக்குள் வந்துவிட்ட பகைவர்மேல் பீரங்கிகள் முழங்கின. இரட்டுறமொழிதலைப் பற்றி அணியிலக்கண வகுப்பில் எத்துணையோ எடுத்துக்காட்டுகள் தருகின்றோம். கடற்போர் ஒன்றைத் தொடங்கி வைத்த இரட்டுறலை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு நிமிடத்திற்குள் ஸ்காட் சுடுதலை நிறுத்தச் சொன்னார். தம்மவரையே சுடுகின்றோமோ என்னும் அச்சம் அவரை ஆட்கொண்டது. அந்த அச்சம் பொய்யன்று. டங்கன், ஃபாரன்ஹோல்ட் என்னும் இரு நாசகாரிகளும் அமெரிக்கக் குண்டுகளாலும் தாக்குண்டன. டங்கன் மறுநாள் மூழ்கியது.

எதிர்த்தரப்பிலோ திரிவு. ஜப்பானியத் தலைவர் கோட்டோ, தம்முன் தோன்றியவற்றைத் தம் நாட்டுத் துணையணியென்றே துணிந்தார். தம் கப்பலின் அடையாள விளக்குகளை ஒளிரச் செய்துகொண்டே நெருங்கினார், குண்டடிபட்டு இறந்தார். ஃபுருதாகா என்னும் குரூசரும் ஃபுபுகி என்னும் நாசகாரியும் அழிந்தன. ஐயத்தில் நின்றவர் ஒரு கப்பலை இழந்து வென்றார். திரிவில் துணிந்தவர் உயிரை இழந்தார். இப்போரை ஆட்டத்தில் நிகழ்த்தினால், ரேடார் கண்டது, ஜப்பானியர் திடுக்கிட்டனர், இன்னின்ன கப்பல்கள் மூழ்கின என்று வரும். விளைவு ஏறக்குறைய ஒக்கும். டங்கன் மட்டும் பிழைத்துக்கொள்ளும். நான் ஆடிய ஆட்டங்களில் இரவுக் கப்பற்போரொன்றில் தன் தரப்புக் குண்டால் தன் கப்பல் தாக்குண்டதை ஒருமுறையேனும் கண்டேனல்லேன்.

இது சிறு குறையெனத் தோன்றலாம். இதனால் விளையும் பெருங்குறை, மாண்டவர்களைப் பற்றிய மதிப்பீட்டில் உள்ளது. 1942 நவம்பர் 13 அதிகாலையில் டேனியல் கலஹன் நடத்திய அணியில், அதே ஹெலினா 27,000 கெஜத்துக்கு அப்பாலேயே பகைவரைக் கண்டு தெரிவித்தது. கலஹன் ஊர்ந்ததும் அதே சான் பிரான்சிஸ்கோ. இரு அணிகளும் ஒன்றினுள் ஒன்று புகுந்து கலக்கும்வரை அவர் சுடக் கட்டளையிடவில்லை. அப்போரில் கலஹனும் ஸ்காட்டும் இருவரும் மாண்டனர். ஸ்காட் இருந்த அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோவின் குண்டுகளாலும் தாக்குண்டது. ஆட்டத்திற் பழகியவர்கள் இவ்வரலாற்றைப் படிக்கும்போது, 'ரேடார் இருந்தும் பயன்படுத்தத் தெரியாதவர்' என்று கலஹனை எளிதில் இகழ்ந்துவிடுகின்றனர். மாணவர் சிலர் அவ்வாறு பேசக் கேட்டுள்ளேன். கலஹன் தவறவில்லை என்று வாதிடுதல் என் கருத்தன்று; அவர் அணிவகுத்த முறையிலேயே சிறந்த ரேடார்க் கப்பல்கள் பின்தள்ளப்பட்டிருந்தன என்பதை வரலாற்றாசிரியர் பலரும் குறை கூறியுள்ளனர். ஆனால், அவர் முன் இருந்தவை பெயரெழுதிய கப்பல்களல்ல. ஒரே வானொலி அலைவரிசையில், கட்டளைகளோடு கட்டளையாகக் கலந்து வந்த எண்கள் அவை. பதின்மூன்று அமெரிக்கக் கப்பல்களும் அவற்றினும் மிக்க பகைக் கப்பல்களும் அவ்வெண்களுள் மறைந்திருந்தன. அவரைத் தண்டிக்க முற்படுவோன், அவர் கண்டதை மட்டுமே கண்டு தீர்ப்புச் செய்தல் வேண்டும். ஆட்டம் அதற்கு இடந்தராது, தான் அறிந்ததையெல்லாம் அவர் அறிந்திருந்தார் என்னும் மயக்கத்தைப் படிப்போன் உள்ளத்தில் விதைக்கின்றது.

ஐயத்தை வென்றவர் எவ்வாறு வென்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். கலஹன் மாண்ட மறுநாள் இரவு, அஃதாவது நவம்பர் 14-க்கும் 15-க்கும் இடைப்பட்ட இரவில், வில்லிஸ் லீ என்னும் ரியர் அட்மிரல் வாஷிங்டன், சவுத் டகோட்டா என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களையும் நான்கு நாசகாரிகளையும் கொண்டு அதே கடலில் நின்றார். ரேடாரின் இயல்பை லீ நன்கு கற்றவர். இஃது எல்லோரும் கூறுவது. முன்சென்ற நாசகாரிகள் எரிந்து வீழ்ந்தன. சவுத் டகோட்டாவில் மின்னோட்டம் தடைப்பட்டுக் கருவிகள் இருண்டன. வாஷிங்டனின் ரேடார் மட்டும் பெரியதொரு பகைக்கப்பலைத் தெளிவாகப் பற்றிக்கொண்டிருந்தது. அப்போதும் லீ சுடவில்லை.

ஏன் சுடவில்லை? வாஷிங்டனின் எஸ்.ஜி. ரேடார் பொருத்தப்பட்ட இடம் காரணமாக, பின்புறம் ஒரு பகுதி அதற்குக் குருடாக இருந்தது. சவுத் டகோட்டா அக்குருட்டுப் பகுதியுட் சென்று மறைந்தது. எனவே திரையில் உள்ள பெரும்புள்ளி பகைவனா, தன் துணைவனா என்று துணிய வழியில்லை. குறி தவறாது சுடுதற்குரிய அளவுகள் அனைத்தும் கையில் இருந்தன. யாரைச் சுடுகின்றோம் என்பது மட்டும் தெரியவில்லை. பின்னர் ஜப்பானியர் தம் தேடொளி விளக்குகளைச் சவுத் டகோட்டாவின்மேற் பாய்ச்சினர். துணைவன் நிற்குமிடம் அவ்வொளியாற் புலப்பட்டது. ஆகவே அப்புள்ளி துணைவனன்று என்பதும் புலப்பட்டது. நள்ளிரவு கழிந்த சில கணங்களில், ஏறத்தாழ 8,400 கெஜத் தொலைவிலிருந்து வாஷிங்டன் சுட்டது. கிரிஷிமா என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் சில நிமிடங்களிற் சிதைந்து, விடியுமுன் மூழ்கியது.

ரேடாரின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சியை எல்லோரும் கூறுவர். வெற்றியைத் துணிவாக்கியது பகைவர் ஏந்திய விளக்கு என்பதை அவ்வாறு கூறுவோர் மறந்துவிடுகின்றனர். களவியலில் தலைவன், தான் கண்டவள் தெய்வமோ மானிட மகளோ என ஐயுறுகின்றான். வாடும் மாலை, மொய்க்கும் வண்டு, இமைக்கும் கண் முதலிய அடையாளங்கள் அவன் ஐயத்தைக் களைகின்றன. காட்சி, ஐயம், தெளிவு என்று வரும் அவ்வைப்பு முறையில் நடுவிலுள்ளது இன்றேல் மூன்றாவதற்குப் பொருளில்லை. லீயின் வரலாற்றிலும் அதுவே. அவருடைய சிறப்பு விரைந்து சுட்டதில் இல்லை. தெளியுமளவும் சுடாது நின்று, தெளிந்த கணத்திற் சுட்டதில் உள்ளது. ஆட்டத்தில் லீக்கு உயர்ந்த எண்கள் தரப்பட்டுள்ளன. அவ்வெண்கள் அவரது அணியை நன்றாகச் சுடச் செய்யும். அவர் சுடாதிருந்த நேரத்தைக் காட்டும் எண் எதுவும் இல்லை.

இங்கு ஒரு தடை எழும். ஆடுவோன் பெர்ல் துறைமுகத்தில் அமர்ந்திருக்கும் தலைமைத் தளபதியின் இடத்தில் உள்ளான். மாதக் கணக்கில் எண்ணெயும் உணவும் அனுப்புதல் அவன் வேலை. ஒரு குரூசர்த் தலைவனின் ஐயம் அவனுக்கு எதற்கு? கணக்கீட்டின் உள்ளே அது தற்செயலாக அடங்கியிருந்தாற் போதாதா? இத்தடை வலிமையுடையதே. ஆட்டம் உண்மையிலேயே அவ்வுயரத்தில் நின்றிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன். ஆனால் ஆட்டம் அங்கு நிற்கவில்லை. போர் தொடங்கியதும் கீழே இறங்கிவந்து, இன்ன கப்பலின் இன்ன பீரங்கி இன்ன கப்பலைத் தாக்கியது என்று ஒவ்வொரு குண்டையும் காட்டுகின்றது. தொலைவு குறைவதையும் கூடுவதையும் கெஜக் கணக்கிற் கூறுகின்றது. இத்துணை அணுகி நோக்கும் கண், ஐயத்தை மட்டும் சேய்மையால் தெரியவில்லை என்று கூறுதல் பொருந்தாது.

வான்போர்ப் பகுதி இவ்வகையில் மேம்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகை விமானங்களை ரேடார் கண்டபோது அறிக்கை, இத்துணைக் கடல் மைல் தொலைவு என்று கூறி, உயரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் 'மதிப்பீடு' என்றே குறிக்கின்றது. அவ்வொரு சொல்லால் அறிக்கையின் குரலே மாறிவிடுகின்றது. யாரோ ஒருவர் திரையின் முன் அமர்ந்து கணித்துக்கொண்டிருப்பதை உணர்கின்றோம். 1944 ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடற்போரில், ஏறத்தாழ 150 மைல் தொலைவிலேயே ஜப்பானிய விமானங்களைக் கண்டு, மேலே காவல் விமானங்களைச் செலுத்தி எதிர்கொண்ட நிகழ்ச்சியை ஆட்டம் நன்கு வார்த்தெடுக்கின்றது. தேடும் விமானங்கள் கொணரும் செய்திகளும் அத்தகையனவே. எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கி என்று பிழையாகக் கூறுதல் அங்கு உண்டு. மூழ்காத கப்பலை மூழ்கியதாகக் கூறும் பிற்றை நாள் அறிக்கையும் உண்டு. ஆக, ஐயத்தையும் திரிவையும் எழுத இவ்வாட்டத்தார் அறியாதவரல்லர். போருக்கு முன்னும் போருக்குப் பின்னும் எழுதியவர்கள், போரின் நடுவில், இரவில், அவை மிகவும் தேவைப்பட்ட இடத்தில் எழுதாது விட்டனர்.

1943-க்குப் பின் இக்குறை அவ்வளவாக உறுத்துவதில்லை. ரேடார், வானொலி, காவலர் ஆகிய மூன்றன் செய்திகளையும் ஓரறையிற் கூட்டித் தெளியும் முறை அமெரிக்கக் கப்பல்களில் பரவியது. 1943 ஆகஸ்டு 6 இரவு வெல்லா வளைகுடாவில் ஃபிரெடெரிக் மூஸ்புருகரின் ஆறு நாசகாரிகள், நான்கு ஜப்பானிய நாசகாரிகளை ரேடாராற் கண்டு டார்பிடோக்களை ஏவி, மூன்றனை மூழ்கடித்துத் தாம் ஊறின்றி மீண்டன. ஆட்டத்திலும் அக்காலத்திற்குப் பின் ஜப்பானியத் தரப்பில் ஆடுவோர் இரவுப்போரை நாடத் தயங்குவர். இப்பகுதியில் வரலாறும் ஆட்டமும் ஒத்துச் செல்கின்றன. மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை.

எனினும், கருவி முதிர்ந்தபின் ஐயம் அற்றுப்போயிற்று என்று கொள்ளுதல் பிழை. 1944 அக்டோபர் 25 அதிகாலை சுரிகாவோ நீர்ச்சந்தியில், வெஸ்ட் வர்ஜீனியா தன் புதிய குறிகாட்டும் ரேடாரால் 22,800 கெஜத் தொலைவிலிருந்து சுடத் தொடங்கியது. டென்னசி, கலிபோர்னியா ஆகியவையும் அத்தகைய கருவியுடையன. பழைய கருவியுடைய மேரிலாந்து, பிற கப்பல்களின் குண்டுகள் வீழ்ந்து எழுப்பிய நீர்த்தூண்களையே ரேடாரால் அளந்து குறிவைத்தது. மிசிசிப்பி ஒருமுறை மட்டும் சுட்டது. பென்சில்வேனியா இலக்கு ஒன்றும் பற்றாமல் இறுதிவரை சுடவேயில்லை. அவ்விரவிலும் ஆல்பர்ட் டபிள்யூ. கிராண்ட் என்னும் நாசகாரி இரு தரப்புக்கும் இடையில் அகப்பட்டுத் தன்னவர் குண்டுகளாலும் தாக்குண்டது. அதனை அறிந்த ஓல்டென்டார்ஃப், வெற்றியின் நடுவிலேயே அணி முழுவதும் சுடுதலை நிறுத்தக் கட்டளையிட்டார்.

அட்மிரல்ஸ் எடிஷனோடு தொகுப்புச் செயலி ஒன்றும் தரப்பட்டுள்ளது. அதனைக் கொண்டு ஆடுவோர் கப்பல்களையும் கருவிகளையும் தலைவர்களின் எண்களையும் தாமே மாற்றிக்கொள்ளலாம்; பலர் அவ்வாறு புதிய ஆட்ட வடிவங்களைச் செய்துமுள்ளனர். ஹெலினாவின் எஸ்.ஜி. ரேடாரைச் சான் பிரான்சிஸ்கோவிற்கு மாற்றி, அக்டோபர் 11 இரவை நான் அதில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்தேன். அறிக்கையில் வேறுபாடு ஒன்றும் தோன்றவில்லை. நேசநாட்டாரின் ரேடார் ஜப்பானியரைக் கண்டது என்றே முன்போல வந்தது; அதனைத் தொடர்ந்து கப்பல்களின் பெயர்கள் வந்தன.